மெய்த்துடிப்பும் பொய்த்துடிப்பும்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. ஆயின், எண்ணத் தொடங்குமுன் எண்ணப்படும் பொருள் யாது என்பதனைத் தெளிதல் வேண்டும் என்பது எளிதில் நினைவிற்கு வருவதன்று. ஒன்றை இரண்டென எண்ணினும் பிழை. இரண்டை ஒன்றென எண்ணினும் பிழை. கடைத்தெருவில் இப்பிழை நேரின் சில ரூபா நட்டமாகும். மலைச்சரிவின் அடியில் வாழ்வோர்க்காக மழையை அளக்கும் கருவியில் இப்பிழை நேரின், அதன் விளைவு உயிர்வரை சென்று முடியலாம். அத்தகைய கருவியின் அகத்தே அமைந்த நுண்கட்டுப்படுத்தி, மெய்யான துடிப்பையும் பொய்யான துடிப்பையும் எவ்வாறு வேறு பிரிக்கின்றது என்பதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழையை அளக்கும் வழக்கம் இந்நாடுகளுக்குப் புதியதன்று. களஞ்சியத்தின் முன்னே வாயகன்ற கலம் ஒன்றை வைத்து மழையை அளத்தல் வேண்டும் எனக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கூறுகின்றது. ஆண்டுதோறும் வெளிவரும் பஞ்சாங்கங்கள் இன்றும் மழையை மரக்காற் கணக்கிலே உரைக்கின்றன. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பை வைத்து, மழை வாழ்விக்கவும் வருத்தவும் வல்லது என்பதனை உணர்த்தினார். அவ்விரு வன்மையையும் ஒருங்கே கண்டறிந்த நிலம் சப்பிரகமுவ மாகாணம் ஆகும்.

இரத்தினபுரி மாவட்டமும் கேகாலை மாவட்டமும் சேர்ந்தது இம்மாகாணம். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்துவரும் நீராவியை மலைச்சாரலில் மோதிச் சொரிவதால், இரத்தினபுரியில் ஆண்டொன்றிற்குச் சராசரியாக 3,500 மி.மீ.க்கு மேல் மழை பெய்கின்றது. இம்மழையே எட்டியாந்தோட்டை, தெரணியாகலை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய பகுதிகளின் தேயிலையையும் இறப்பரையும் வளர்த்தது. அத்தோட்டங்களில் உழைக்கும் தமிழ் மக்களின் லயன்களோ பெரும்பாலும் சரிவுகளின் மேலும் அவற்றின் அடியிலும் அமைந்துள்ளன. எனவே, கொழுந்தைத் தரும் மழையே குடியிருப்பை அழிக்கும் மழையுமாகின்றது.

2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிற் சாமசர மலையின் பெரும்பகுதி சரிந்து கீழிருந்த ஊர்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமற்போயும் மறைந்தனர். அதற்கு முந்திய மூன்று நாட்களில் அப்பகுதியிற் பெய்த மழை 400 மி.மீ.க்கு மேற்பட்டது. அதே மழையிற் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்து லயன் மீது மண் சரிந்து, தொழிலாளர் குடும்பத்தினர் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தினாலும் மண்சரிவினாலும் மீண்டும் துன்புற்றது.

மண்சரிவு ஆய்வையும் எச்சரிக்கையையும் மேற்கொண்டுவரும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மலைநாட்டு மாவட்டங்களில் தானியங்கி மழைமானிகளை அது நிறுவியுள்ளது. எச்சரிக்கைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் மழையளவுகள் வருமாறு: 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. கடந்தால் விழிப்பு, 100 மி.மீ. கடந்தால் ஆயத்தம், 150 மி.மீ. கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. கடந்தாலோ, இடம்பெயர்தல். இவ்வெண்களை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்வரும் விளக்கத்திற்கு இவையே உரைகல்லாகும்.

தோட்டங்களிற் கந்தோருக்கு அருகே மழைமானி வைத்து, நாள்தோறும் காலையில் நீரை அளந்து ஏட்டிற் பதியும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அது பயிர்க்குப் போதிய அளவை. ஆயின் நள்ளிரவிற் கொட்டும் மழையைக் காலையில் அளந்து அறிவது, சரிவின் அடியில் உறங்குவோர்க்குப் பயன்படாது. ஆதலின் மழை பெய்யப்பெய்ய எண்ணும் கருவி வேண்டப்பட்டது. அதற்குப் பெரிதும் பயன்படுவது கவிழ்கலன் மழைமானி. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே கிறிஸ்தோபர் றென், றொபர்ட் ஹூக் என்பார் வகுத்த இந்நெறியே சிறு மாற்றங்களுடன் இன்றும் நிலவுகின்றது.

அதன் அமைப்பு எளியது. ஊஞ்சற் பலகைபோல நடுவில் அச்சுக்கொண்ட இரு சிறு கலன்கள் புனலின் கீழே உள்ளன. ஒன்று நிறைந்ததும் கவிழ்ந்து நீரைக் கொட்டும். உடனே மற்றது புனலின் கீழ் வந்து நிற்கும். புனலின் வாய் 20 சென்ரிமீற்றர் விட்டமுடையதாயின், 0.2 மி.மீ. மழைக்கு ஏறத்தாழ 6.3 கன சென்ரிமீற்றர் நீர் சேரும். அந்நீர் சேருந்தோறும் ஒருமுறை கவிழுமாறு கலன் அமைக்கப்பட்டால், கவிழ்ந்த தடவைகளை 0.2 ஆற் பெருக்கப் பெய்த மழையின் அளவு கிடைக்கும். 375 கவிழ்ப்பு எனின் 75 மி.மீ.

கவிழ்ப்பினை மின்கருவிக்கு அறிவிப்பது ஒரு காந்தமும் ஒரு ரீட் ஆளியும் ஆகும். கண்ணாடிக் குழலுள் இரு மெல்லிய இரும்புத் தகடுகள் நுனியோடு நுனி நெருங்கி நிற்பதே ரீட் ஆளி. 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவானது. கலன் கவிழும்போது அதனோடு இணைந்த காந்தம் குழலைக் கடக்க, தகடுகள் ஒன்றையொன்று தொட்டு மின்சுற்றை மூடும்; காந்தம் அகல விலகும். மூடியிருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு எனக் கொள்ளலாம். அதாவது 100 மில்லிசெக்கன்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. கண்ணுக்கு ஒரே தொடுகையாகத் தோன்றுவது உண்மையில் ஒரு தொடுகையன்று. வன்மையான தரையில் விழுந்த பளிங்குருண்டை நிலைபெறுமுன் பலமுறை துள்ளுவதுபோல, மோதிய உலோகத் தகடுகளும் நிலைபெறுமுன் பலமுறை தொட்டு விலகும். இத்துள்ளல் பெரும்பாலும் சில மில்லிசெக்கனில் அடங்கிவிடும். மனிதனுக்கு அது கணப்பொழுதிலும் சிறியது. செக்கனுக்குக் கோடிக்கு மேற்பட்ட கட்டளைகளை நிறைவேற்றும் நுண்கட்டுப்படுத்திக்கோ அது நெடும் பொழுது. ஒவ்வொரு துள்ளலையும் ஒரு கவிழ்ப்பென அது எண்ணினால், 50 மி.மீ. மழை 100 மி.மீ. ஆகத் தோன்றும். ஆயத்த எச்சரிக்கை காரணமின்றி எழும். இருமுறை வீணே எழுப்பப்பட்ட குடும்பம் மூன்றாம் முறை எழாதிருத்தல் இயல்பே.

துள்ளல் ஒன்றே பகையன்று. மழைமானியிலிருந்து பதிகருவிவரை செல்லும் நீண்ட கம்பி வானொலியின் வான்கம்பிபோல் நின்று புற இரைச்சல்களை ஏந்தும். அருகே செல்லும் மின்கம்பிகளால் 50 ஹேட்ஸ் அதிர்வு தூண்டப்படும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும் ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் இப்பகுதியில் இடிமின்னல் மிகுதி. தொலைவில் விழும் மின்னலுங்கூடக் கம்பியில் நொடிப்பொழுது மின்துடிப்பைத் தோற்றுவிக்கும். மழை மிகும் வேளையே பொய்த்துடிப்பும் மிகும் வேளையாக அமைவது இக்கருவியின் தனித் தொல்லை.

இப்பொய்த்துடிப்பை நீக்கும் முதல் அரண் மின்சுற்றிலே அமைகின்றது. ஒரு தடையியையும் ஒரு கொள்ளளவியையும் சேர்த்தால், கொள்ளளவி நிரம்பும்வரை அழுத்தம் மெல்லவே மாறும். தடையி 10,000 ஓம், கொள்ளளவி 0.1 மைக்கிரோபரட் எனின் அதன் காலமாறிலி 1 மில்லிசெக்கன். அதனினும் மிகக் குறுகிய மின்னற்றுடிப்புகள் இதில் மழுங்கிவிடும். அடுத்து, ஏறுதற்கு ஒரு வரம்பும் இறங்குதற்கு வேறொரு வரம்பும் கொண்ட சிமிற் வாயில், நடுவில் அலைவுறும் அழுத்தத்தைப் பொருட்படுத்தாது விடும். இவை இரண்டும் இரைச்சலைக் குறைக்குமே அன்றி முற்றும் ஒழிப்பதில்லை. எஞ்சியதை ஆராய்ந்து தீர்ப்பளிப்பது நிரலின் கடமை.

அத்தீர்ப்பிற்குக் காலம் அறிதல் வேண்டும். காலம் அறிவிப்பது டைமர் எனப்படும் காலக்கணிப்பான். அறிவிக்கும் முறை இடைமறிப்பு. தோட்டக் கந்தோரில் ஏடெழுதும் கணக்கப்பிள்ளையை உவமையாகக் கொள்ளலாம். மழைமானியை ஓயாது பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் ஏடு எழுதுதல் இயலாது. ஏட்டிலே ஆழ்ந்துவிட்டால் மழைமானியை மறப்பார். குறித்த நேரந்தோறும் மணி ஒன்று ஒலிக்குமாயின், எழுதிய வரியிற் குறியிட்டு எழுந்து, மழைமானியை ஒருமுறை நோக்கி, மீண்டும் அக்குறியிலிருந்தே எழுத்தைத் தொடரலாம். இவ்வாறே காலக்கணிப்பானின் மணி ஒலித்ததும் நுண்கட்டுப்படுத்தி தான் செய்துகொண்டிருந்த பணியின் இடத்தைக் குறித்துவைத்து, இடைமறிப்புப் பணியை முடித்து, விட்ட இடத்திற்கே மீள்கின்றது.

மணியின் இடைவெளியைக் கணித்தல் எளிது. 2005இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ வகைப் பலகைகளிற் பயின்றுவரும் அற்மெகா 328 என்னும் சில்லினை எடுத்துக்காட்டாகக் கொள்வோர், அதன் கடிகாரம் செக்கனுக்கு 1,60,00,000 முறை துடிப்பதை அறிவர். அத்துடிப்பை 64 ஆல் வகுத்துக் காலக்கணிப்பானுக்கு ஊட்டினால் செக்கனுக்கு 2,50,000 ஆகும். காலக்கணிப்பான் 0 முதல் 249 வரை 250 படிகள் எண்ணியதும் இடைமறித்து மீண்டும் 0இலிருந்து தொடங்குமாறு அமைத்தால், செக்கனுக்கு 1,000 இடைமறிப்புகள் நிகழும். ஒவ்வொரு மில்லிசெக்கனும் ஒரு மணி ஒலிக்கின்றது என்பது இதன் பொருள்.

மணி ஒலிக்குந்தோறும் செய்யவேண்டியது ஒன்றே. ஆளி மூடியுள்ளதா, திறந்துள்ளதா என நோக்குதல் வேண்டும். முன்னர் உறுதிசெய்த நிலையினின்று மாறியிருந்தால் ஒரு சிறு எண்ணியை ஒன்று கூட்டுக. பழைய நிலைக்கே மீண்டிருந்தால் அவ்வெண்ணியை 0 ஆக்குக. இடையறாது 20 முறை புதிய நிலையே காணப்பட்டாற்றான் அந்நிலை உறுதியெனக் கொள்ளப்படும். திறந்த நிலை மூடிய நிலையாக உறுதிப்படும்போது மாத்திரம் மழையெண்ணிக்கை ஒன்று கூடும். மறுபடியும் திறந்த நிலை 20 முறை உறுதிப்படும்வரை அடுத்த கவிழ்ப்பிற்கு இடமில்லை. ஆதலின் தொடும்போதும் விலகும்போதும் நிகழும் துள்ளல்கள் இரண்டும் எண்ணிக்கையிற் புகுதல் இயலாது.

இருபது என்னும் எண் மனம்போனவாறு கொண்டதன்று. துள்ளல் சில மில்லிசெக்கனில் அடங்கும்; 20 மில்லிசெக்கன் அதனை எளிதிற் கடக்கும். 50 ஹேட்ஸ் அதிர்வின் ஒரு முழு அலைவு 20 மில்லிசெக்கன். அதன் ஒரு பாதி 10 மில்லிசெக்கனே. எனவே அவ்வதிர்வு 20 முறை தொடர்ந்து ஒரே நிலையைக் காட்டி ஏமாற்ற வல்லதன்று. மெய்யான மூடலோ 100 மில்லிசெக்கன் நிலைப்பதால் தேர்வில் தவறாது. பொய் நிலைக்கக்கூடிய மிக நீண்ட காலத்திற்கும் மெய் நிலைக்கக்கூடிய மிகக் குறுகிய காலத்திற்கும் இடையே காத்திருப்பின் எல்லையை வைத்தலே இரைச்சல் வடித்தலின் அடிப்படை விதி.

இவ்விதியை மறந்து, மிகுந்த பாதுகாப்புக் கருதிக் காத்திருப்பை நீட்டுவோரும் உளர். ஒரு கவிழ்ப்பினை எண்ணியபின் 6 செக்கன் வரை எதனையும் ஏற்பதில்லை என ஒருவர் நிரல் எழுதினார் எனக் கொள்க. தூறலில் அதனாற் கேடில்லை. மணித்தியாலத்திற்கு 150 மி.மீ. என்னும் கடுமழையில், 0.2 மி.மீ. கலன் 4.8 செக்கனுக்கு ஒருமுறை கவிழும். முதலாவது எண்ணப்படும், இரண்டாவது தள்ளப்படும், மூன்றாவது எண்ணப்படும், நான்காவது தள்ளப்படும். ஆகவே கருவி காட்டுவது 75 மி.மீ. மாத்திரமே. அரைமணித்தியாலத்தில் எழவேண்டிய இடம்பெயர்வு எச்சரிக்கை ஒரு மணித்தியாலம் கழிந்தே எழும். மிகைவடிப்பு எளிய மழையில் மறைந்திருந்து, கொடிய மழையில் மாத்திரம் தன் குறையைக் காட்டுவதால், ஆய்வுகூட மேசையில் மெல்ல நீரூற்றிச் சோதிப்போர் அதனைக் காணார். குறைவடிப்பினால் எழும் வீண் எச்சரிக்கை உடனே பலரறிய வெளிப்படும். மிகைவடிப்பு விழுங்கிய எச்சரிக்கையோ எழாமலே போவதால் எவர் கண்ணிலும் படுவதில்லை.

எண்ணியபின்னும் ஓர் இடர் உண்டு. அற்மெகா வகைச் சில்லு ஒருமுறைக்கு 8 பிற்று அளவையே கையாளும். 255 வரையே அதிற் கொள்ளும். மழையெண்ணிக்கை அதனை மீறுமாதலால் இரு பகுதிகளாக வைக்கப்படும். முதன்மை நிரல் அதனை வாசிக்கும்போது தாழ்பகுதியை முதலிலும் உயர்பகுதியைப் பின்னரும் எடுக்கின்றது எனக் கொள்க. எண்ணிக்கை 255 ஆக இருக்கையில் தாழ்பகுதி 255 வாசிக்கப்பட்டது. அக்கணமே இடைமறிப்பு நிகழ்ந்து, ஒரு கவிழ்ப்புக் கூடி, எண்ணிக்கை 256 ஆயிற்று. அதாவது உயர்பகுதி 1, தாழ்பகுதி 0. மீண்டுவந்த நிரல் உயர்பகுதி 1 என வாசிக்கும். பழைய தாழ்பகுதியும் புதிய உயர்பகுதியும் கூடி 511 என்னும் எண் பிறக்கும். மெய்யான மழை 51 மி.மீ.; கருவி அறிவிப்பதோ 102.2 மி.மீ. விழிப்பெல்லையையும் எட்டாத மழை ஆயத்த எல்லையைக் கடந்ததாகச் செய்தி செல்லும். ஆளியிலே துள்ளலில்லை; கம்பியிலே இரைச்சலில்லை; பிழை முழுவதும் நிரலினுள்ளே எழுந்தது. வாசிக்கும் அச்சில மைக்கிரோசெக்கன்களுக்கு இடைமறிப்பை நிறுத்தி, எண்ணிக்கையைப் படியெடுத்தபின் மீண்டும் அனுமதித்தல் இதற்குப் பரிகாரம்.

இடைமறிப்புப் பணி சுருங்கியதாக இருத்தலும் இன்றியமையாதது. தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் நெடும் பணியை இடைமறிப்பினுள்ளேயே செய்யப் புகுந்தால், அது முடியும்வரை அடுத்த மணிகள் கேட்கப்படா. இடையிற் கவிழ்ந்த கலன் எண்ணப்படாது. நோக்குதலும் எண்ணுதலும் இடைமறிப்பின் கடன். கணித்தலும் அனுப்புதலும் முதன்மை நிரலின் கடன்.

மலைத்தோட்டத்தில் மற்றொரு தேவையும் உண்டு. ஞாயிற்று ஒளியால் மின்கலம் ஊட்டப்படும் கருவிக்குப் பருவமழை நாட்களே ஒளி குன்றும் நாட்கள். மழையில்லா வேளையிலும் செக்கனுக்கு ஆயிரம் முறை விழித்தெழுவது மின்னை வீணாக்கும். ஆதலின் சில்லினை உறங்கவிட்டு, ஆளியின் முதல் மாற்றமே அதனை எழுப்புமாறு அமைப்பர். எழுந்த சில்லு அம்முதல் மாற்றத்தைக் கவிழ்ப்பென நம்பி எண்ணுவதில்லை. காலக்கணிப்பானைத் தொடங்கி, மேற்கூறிய 20 மில்லிசெக்கன் தேர்வை நடத்தி, மெய்யெனின் எண்ணி, ஆளி திறந்ததும் உறுதியானபின் மீண்டும் உறங்கும். எழுப்புதல் ஒரு குறிப்பு. தீர்ப்பு காலக்கணிப்பானுக்கு உரியது.

இரைச்சல் வடித்தலுக்கும் எல்லை உண்டு. புனலில் இறப்பர் இலை விழுந்து அடைத்தால் எந்நிரலும் மழையைக் காணாது. கலன் பாதியிற் சிக்கி ஆளி மூடியவாறே நின்றால் எண்ணிக்கை அசையாது. சில செக்கனுக்கு மேல் மூடியிருப்பதைப் பழுதென அறிவிக்குமாறு நிரல் எழுதலாம். அண்மையில் விழும் மின்னலிலிருந்து சில்லினைக் காப்பது மின்னழுத்தக் காப்பிகளின் பணி. கருகிய சில்லினை நிரல் உயிர்ப்பியாது. மேலும், மழைமானி மழையையே அளக்கின்றது, மலையை அளப்பதில்லை. நிலத்தில் வெடிப்பு, மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் ஆகிய குறிகளைக் கண்டவர்கள், எண்ணை எதிர்பாராமலே சரிவினை விட்டு அகலுதல் வேண்டும்.

ஆகவே பழைய முறையும் கைவிடத்தக்கதன்று. காலை 8.30 மணிக்குக் கண்ணாடி அளவியால் அளக்கும் மழையைத் தானியங்கியின் எண்ணோடு நாள்தோறும் ஒப்பிடின், பிழையின் உருவமே அதன் காரணத்தைக் காட்டிவிடும். தானியங்கி ஏறத்தாழ இருமடங்கு காட்டினால் துள்ளல் வடிக்கப்படவில்லை என்று கொள்ளலாம். எளிய மழையில் ஒத்துக் கடுமழையிற் பெரிதும் குறைந்தால் காத்திருப்பு மிகையாயிற்று என்று ஐயுறலாம். 51.2 மி.மீ. திடீரெனக் கூடிப் பின்னர்க் குறைந்தால், 256 கவிழ்ப்புகள் பொய்யாகச் சேர்ந்தன என்பதும், எண்ணிக்கை இரு துண்டாக வாசிக்கப்பட்டது என்பதும் விளங்கும்; பெய்த மழை குறைவதில்லை அன்றோ? மழையில்லாத இடிநாளில் எண்ணிக்கை ஏறினால் கம்பியையும் அதன் உறையையும் நோக்குதல் வேண்டும்.

இச்சோதனைகளுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு மழைமானி, ஓர் அளவி, ஓர் ஏடு, சிறிது கணிதம் என்பனவே போதும். தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இவை அமைந்து, மாணவர் நாள்தோறும் ஒப்பிட்டுப் பதிவார்களாயின், பௌதிகமும் கணினியியலும் அவர்களின் சொந்த லயனைக் காக்கும் கல்வியாகும். அடுத்த கடுமழை இரவில் எழும் எச்சரிக்கையை மக்கள் நம்பி எழுவதும், முந்திய நாட்களில் அக்கருவி மெய்யாக எண்ணியதா என்பதைப் பொறுத்தே அமையும்.